எஸ்பொசித்தோ: நேப்பிள்ஸ் நகரின் ஒரு குடும்பப் பெயர்

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலைக்கு அண்மையில் கடலை நோக்கி விரிந்திருக்கும் நேப்பிள்ஸ் மாநகரில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர் 'எஸ்பொசித்தோ' என்பதாகும். நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் 'ரோசி' என்னும் பெயரே முதலிடம் பெறுகிறது. ஆயினும் முன்வரிசையில் நிற்கும் பெயர்களுள் எஸ்பொசித்தோவும் ஒன்று. ரோசி என்பதன் பொருள் எளிது. செந்நிறத் தலைமுடியோ சிவந்த முகமோ உடைய முன்னோர் ஒருவரைக் குறித்து எழுந்த பெயர் அது. தென்னாட்டில் வழங்கும் 'ருஸ்ஸோ'வுக்கும் பொருள் அதுவே. 'ஃபெராரி' கொல்லர் தொழிலைச் சுட்டும். 'பியாங்கி' வெண்மையைச் சுட்டும். 'ரொமானோ' ஊரைச் சுட்டும். நிறம், தொழில், ஊர், தந்தை பெயர் ஆகிய நான்கினுள் உலகத்துக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். எஸ்பொசித்தோ இந்நான்கினுள்ளும் அடங்காதது. இலத்தீன் மொழியின் 'எக்ஸ்போனெரே' என்னும் வினைக்கு 'வெளியே வைத்தல்' என்பது பொருள். அதன் அடியாகப் பிறந்த 'எக்ஸ்போசித்துஸ்' என்னும் சொல் 'வெளியே வைக்கப்பட்டவன்' எனப் பொருள்படும். பெற்றோரால் கைவிடப்பட்டு, தேவாலய வாயிலிலோ மருத்துவ நிலையச் சுவரிலோ விடப்பட்ட குழந்தையைக் குறிக்கும் சொல் அது.

ஆக, ஒரு பெருநகரத்தின் தலையாய குடும்பப் பெயர், பெயர் சொல்ல ஆளில்லாத குழந்தைக்கு எழுத்தர் இட்ட அடையாளக் குறியே ஆகும். அக்குறி எவ்வாறு பெயராயிற்று, பெயரான பின் எவ்வாறு பெருகிற்று, அதை ஒழிக்க எடுத்த முயற்சிகள் எவ்வளவு தூரம் பயனளித்தன என்பவற்றையே இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

குடும்பப் பெயர் இல்லாமலே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த நமக்கு இப்பொருள் சற்று அயலானதாகத் தோன்றலாம். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகவோ 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்னும் தொடராகவோ தாங்கி வருகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. இடைக்கால இத்தாலியில் எளிய மக்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. உயர்குடியினரும் செல்வ வணிகரும் நிலையான குடும்பப் பெயர்களைக் கொண்டிருந்தனர். உழவரும் கைவினைஞரும் 'இன்னாரின் மகன் ஜொவானி' என்றே அறியப்பட்டனர். 1563ஆம் ஆண்டில் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டுமென விதித்தது. நெருங்கிய உறவினர் தம்முள் மணந்துகொள்ளாமல் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஏட்டில் எழுதப்பட்டது ஏட்டிலேயே நின்றது. அதுவரை தலைமுறைக்குத் தலைமுறை நெகிழ்ந்து வந்த பெயர்கள் மெல்ல இறுகின. தந்தையின் பெயரை எழுத வேண்டிய இடத்தில், தந்தை யார் என்று அறியாத குழந்தைக்கு எழுத்தர் என்ன எழுதுவார்? குழந்தையின் நிலையை எழுதினார். நேப்பிள்ஸ் ஏடுகளில் 'எஸ்பொசித்தோ' என்னும் அடைமொழி நுழைந்த வழி இது. அடைமொழியாக எழுதப்பட்டது, அக்குழந்தை வளர்ந்து மணம் முடித்துத் தன் பிள்ளையைத் திருமுழுக்குக்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பிள்ளைக்கும் பெயராயிற்று. தாய் தந்தை இருவரின் மடியிலும் வளர்ந்த அப்பிள்ளை, தான் ஒருநாளும் கைவிடப்படாமலே, 'கைவிடப்பட்டவன்' என்னும் பெயரைத் தாங்கி நின்றது.

கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்கும் இல்லங்களின் வரலாற்றை உரோமை நகரிலிருந்து தொடங்குவது வழக்கம். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், திபர் ஆற்று மீனவர்களின் வலைகளில் இறந்த சிசுக்கள் சிக்கியதைக் கேட்டுத் துயருற்றார் என்றும், தூய ஆவி மருத்துவ நிலையத்தில் இக்குழந்தைகளுக்கு இடம் அமைத்தார் என்றும் மரபுரை கூறும். அம்மருத்துவ நிலையத்தின் கூடத்துச் சுவரோவியங்களில் அக்காட்சி பின்னாளில் தீட்டவும் பட்டது. வலையில் சிக்கிய சிசுக்களின் கதை நடந்ததோ புனைந்ததோ, ஆற்றில் எறிவதற்கு மாற்றாக ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணமே அந்நிலையங்களின் அடிப்படை என்பதை அது காட்டிவிடுகிறது. அவ்விடத்திற்கு ஒரு கருவியும் உருவாயிற்று. 'ருவோத்தா', அதாவது சக்கரம் என்று அதனை அழைத்தனர். உண்மையில் அது சுவரினுள் பொருத்தப்பட்ட மர உருளை. அதன் ஒரு பக்கம் திறந்திருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதனுள் கிடத்தி உருளையைச் சுழற்றி மணியை அடிப்பார். திறந்த பக்கம் உள்ளே திரும்பியதும் அங்கே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். கொடுத்தவர் முகத்தை எடுத்தவர் காண்பதில்லை. எடுத்தவர் முகத்தைக் கொடுத்தவரும் காண்பதில்லை.

நேப்பிள்ஸில் இப்பணியைச் செய்தது அனுன்சியாத்தா திருவில்லம். 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்நிலையம் மருத்துவமனை, தேவாலயம், குழந்தைகள் இல்லம், பெண்கள் காப்பகம் அனைத்தும் சேர்ந்த ஒரு சிற்றூர் போன்றது. அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் நிலங்களை எழுதிவைத்தனர். 1587ஆம் ஆண்டில் அது தனக்கென ஒரு வங்கியையே நிறுவிக்கொண்டது. அவ்வங்கி 1702ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. அறநிலையம் வங்கித் தொழிலில் இறங்கியதைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதுவர். ஆனால் வங்கி நொடித்தபோது அதன் சுமையை ஏற்றவர்களுள், கணக்கறியாத தொட்டில் குழந்தைகளும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அனுன்சியாத்தாவில் சக்கரத்தைக் காத்த பெண்ணுக்கு 'ரொத்தாரா' என்று பெயர். அவள் எடுத்த குழந்தை கழுவப்பட்டு, திருமுழுக்குப் பெற்று, ஏட்டில் பதியப்படும். வந்த நேரம், உடுத்தியிருந்த துணி, உடலிலுள்ள அடையாளம், உடன் இருந்த சீட்டு ஆகியவை எழுதப்படும். அதன் கழுத்தில் ஈயப் பதக்கம் ஒன்று கட்டப்படும். அன்னை மரியாளே இனி அதற்குத் தாய் என்பதால் 'மடோன்னாவின் பிள்ளைகள்' என்று நகரத்தார் அக்குழந்தைகளை அழைத்தனர். ஏட்டில் 'வெளியே வைக்கப்பட்டவன்'; தெருவில் மடோன்னாவின் மகன். ஒரே குழந்தைக்கு இவ்வாறு இரு பெயர்கள் வழங்கின. எழுத்தில் இருந்ததே நிலைத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளைக்கூட எண்ணெய் பூசி அக்குறுகிய துளைக்குள் தள்ளிவிட்டனர் என்று நேப்பிள்ஸில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எதுவாயினும், அந்நகரத்து வறுமையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இக்குழந்தைகள் அனைவரும் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தவர்கள் என்று எண்ணுவது இயல்பு. அது பாதி உண்மையே. மணமாகாத பெண் குழந்தை பெற்றால் குடும்பத்தின் மானம் போயிற்று என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியிருந்தது. திருச்சபையும் ஊராரும் அவளைக் குழந்தையை விட்டுவிடுமாறு நெருக்கினர். இவ்வாறு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்த நடைமுறையை அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் கெர்ட்சர் 1993ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தன் குழந்தையை விட்ட தாய், அந்த இல்லத்திலேயே பிறர் குழந்தைகளுக்குப் பாலூட்டும் செவிலியாக அமர்த்தப்பட்டதும் உண்டு. மறுபுறம், மணமான ஏழைப் பெற்றோரும் பிள்ளைகளைச் சக்கரத்தில் வைத்தனர். 19ஆம் நூற்றாண்டு மிலானில் அவ்வாறு வைக்கப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர்களே. நெசவாலைக்குச் செல்லும் தாய் பாலூட்டும் காலத்திற்கு மட்டும் குழந்தையை இல்லத்தில் விட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெற எண்ணினாள். அதற்காகவே பதக்கத்தின் ஒரு பாதி, நாணயத்தின் ஒரு துண்டு, பட்டு நாடா முதலியவற்றைக் குழந்தையுடன் வைத்தனர். மறு பாதியைத் தாம் வைத்துக்கொண்டனர். புளோரன்ஸ் நகரின் இன்னொசென்ட்டி இல்ல அருங்காட்சியகத்தில் அத்தகைய வெட்டுண்ட பதக்கங்களை இன்றும் காணலாம். அவற்றின் மறு பாதிகள் வந்து சேரவில்லை.

புளோரன்ஸைக் குறிப்பிட்டதால், பிற நகரங்கள் இதே சிக்கலை எவ்வாறு தீர்த்தன என்பதையும் பார்ப்போம். புளோரன்ஸ் இல்லத்தை பட்டு வணிகர் சங்கம் எழுப்பியது. 1419ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் கட்டடக்கலையின் பேராசான் புருனெல்லெஸ்கி. பிராட்டோ நகர வணிகர் ஃபிரான்செஸ்கோ தத்தினி அதற்கென ஆயிரம் பொற்காசுகளைத் தம் இறுதி முறியில் எழுதிவைத்திருந்தார். 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதற் குழந்தை வந்தது. அன்று தூய ஆகத்தாவின் திருநாள் ஆதலின் அப்பெண் குழந்தைக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டனர். அவ்வில்லத்துப் பிள்ளைகளின் வழியே 'இன்னொசென்ட்டி', 'நொசென்தினி' முதலிய குடும்பப் பெயர்கள் தொஸ்கானா வட்டாரத்தில் பரவின. இன்னொசென்ட்டி என்றால் மாசற்றவர்கள். சியெனா நகரில் மருத்துவ நிலையத்தின் பெயரே 'ஸ்காலா' என்னும் குடும்பப் பெயராயிற்று. மிலானில் பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா; புறாவுக்கு இத்தாலியச் சொல் 'கொலொம்போ'; ஆகவே அங்கே குழந்தைகள் கொலொம்போ ஆயினர். உரோமையில் மட்டும் சொல் கடுமையானது. 'புரோயெத்தி' என்னும் உரோமைக் குடும்பப் பெயருக்கு 'எறியப்பட்டவர்கள்' என்பது பொருள். ஒரே நாட்டில், ஒரே திருச்சபையின் நிழலில், ஓர் ஊர் எழுத்தர் மாசற்றவன் என்று எழுத, மற்றோர் ஊர் எழுத்தர் எறியப்பட்டவன் என்று எழுதியிருக்கிறார். இவ்வேறுபாட்டைச் சொல்வழக்கின் தற்செயல் என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. இல்லத்தின் பெயரைக் குழந்தைக்கு இடுவது 'நீ எங்களைச் சேர்ந்தவன்' என்பதாகும். நேர்ந்த செயலைப் பெயராக இடுவது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கொலொம்போ என்னும் பெயருடையோர் அனைவரும் மிலான் இல்லத்துப் பிள்ளைகளின் வழியினர் அல்லர். நாம் கொலம்பஸ் என்றழைக்கும் கடலோடியின் குடும்பப் பெயரும் அதுவே. அவரோ ஜெனோவா நகரத்துக் கம்பளி நெசவாளரின் மகன். ஒரே பெயர் பல ஊற்றுகளிலிருந்து பிறக்கக்கூடும். எஸ்பொசித்தோ அப்படிப்பட்டதன்று, அதன் சொற்பொருள் ஒரே ஊற்றை மட்டுமே காட்டுகிறது. ஆனால் அந்த ஊற்றில் பிறந்த கிளைகள் ஒன்றோடொன்று உறவற்றவை. பொதுவாக ஒரே குடும்பப் பெயர் தாங்கிய இருவர் எங்கோ ஓர் முன்னோரிடம் சேர்வர் என்று எதிர்பார்ப்போம். இரு எஸ்பொசித்தோக்களின் முன்னோர்கள், வெவ்வேறு இரவுகளில் ஒரே உருளையில் கிடந்த இரு குழந்தைகளாக இருக்கலாம். குருதி உறவு எதுவும் இராது.

பரவலுக்கு வருவோம். சக்கரத்தில் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை மட்டுமே பெயரின் பெருக்கத்தை விளக்கிவிடாது. வந்த குழந்தைகளுள் மிகப் பலர் முதலாண்டிலேயே இறந்தனர். தாய்ப்பால் இல்லை, செவிலியர் போதவில்லை, நோய் ஒன்று புகுந்தால் கூடம் முழுவதும் பரவியது. சிற்றூர்களிலிருந்த செவிலியரிடம் அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கே பிழைக்கும் வாய்ப்பு ஓரளவு இருந்தது. பிழைத்தவருள்ளும் பெண்கள் தம் பெயரைப் பிள்ளைகளுக்கு வழங்கவில்லை. கணவன் பெயரே பிள்ளைகளுக்குச் சென்றது. அனுன்சியாத்தாவின் பெண்கள் மணமாகும்வரை அங்கேயே தங்கினர். அறநிலையமே சீர் கொடுத்து மணம் முடித்து வைத்தது. அவர்களோடு அப்பெயர் நின்றுவிட்டது. பிழைத்து வளர்ந்து மணம் முடித்து, ஆண் மக்களையும் பெற்ற ஆண்கள் வழியாக மட்டுமே எஸ்பொசித்தோ அடுத்த தலைமுறைக்குச் சென்றது. இத்தனை வடிகட்டிகளையும் கடந்து ஒரு பெயர் நகரின் முதற்பெயராக நிற்கிறதென்றால், முதலில் வந்து சேர்ந்த குழந்தைகளின் தொகை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இன்றைய நேப்பிள்ஸில் ஒருவரின் பெயர்ப்பலகையில் இப்பெயரைக் காணும்போது, நாம் காண்பது பிழைத்தவர்களின் கணக்கை மட்டுமே.

பெயரின் இழுக்கை ஆட்சியாளர்களும் உணராமலில்லை. ஸ்பெயின் நாட்டில் இதே சொல் 'எக்ஸ்போசித்தோ' என்னும் வடிவில் குடும்பப் பெயராக வழங்கியது. அங்கே 1794ஆம் ஆண்டில் நான்காம் சார்லஸ் மன்னர், கைவிடப்பட்ட குழந்தைகளை முறைப்படி பிறந்தோராகவே கருத வேண்டும் என்று ஆணையிட்டார். நேப்பிள்ஸில் 1808 முதல் 1815 வரை ஆண்ட நெப்போலியனின் மைத்துனர் முரா, புதிதாக வரும் குழந்தைகளுக்கு எஸ்பொசித்தோ என்று பெயரிடுவதைத் தடை செய்தார். மிலானிலும் 1825ஆம் ஆண்டு முதல் கொலொம்போ என்று பெயரிடுதல் நிறுத்தப்பட்டது. அதன்பின் எழுத்தர்கள் குழந்தைக்குக் குழந்தை புதிய பெயர்களைப் புனையலாயினர். நல்ல ஆணைகளே, எனினும் அவை புதிதாகப் பெயர் இடுவதை நிறுத்தினவேயன்றி, ஏற்கெனவே இடப்பட்ட பெயர்களை மாற்றவில்லை. அதற்குள் எஸ்பொசித்தோ பல்லாயிரம் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டிருந்தது. மற்றொன்றும் உண்டு: தடைக்குப் பின் வந்த குழந்தைகள் வேறு பெயர்களில் மறைந்துவிட்டமையால், பெயரைக் கொண்டு அவர்தம் வழியினரை இன்று எவரும் இனங்காண முடியாது.

பிறப்பைச் சுட்டும் பெயரின் சுமை தமிழிலக்கியம் அறியாததன்று. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், தாயால் தோட்டத்தில் விடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன். வேள்விப் பசுவை அவன் மீட்டபோது, பசுவின் மகன் என்று சொல்லியே ஊரார் அவனை இழித்தனர். அவனோ பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. விலங்கின் வயிற்றுதித்த முனிவர்களைப் பட்டியலிட்டு விடையிறுத்தான். நேப்பிள்ஸ் மக்களுக்கு அவ்வாறு வாதிடும் தேவை எழவில்லை. பெயர் அத்துணைப் பெருகியபின் அதனைக் கொண்டு ஒருவரை இழித்துரைப்பது இயலாததாயிற்று. பொருள் மங்கியதற்கு ஒலியும் துணைநின்றது. அன்றாட இத்தாலியத்தில் 'வெளியே வைக்கப்பட்ட' என்பதற்கு 'எஸ்போஸ்தோ' என்னும் குறுகிய வடிவமே வழங்குகிறது. எஸ்பொசித்தோ என்னும் பழவடிவைக் கேட்பவர் காதில் ஒரு பெயர் மட்டுமே விழுகிறது.

சக்கரங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1867இல் ஃபெராரா, 1868இல் மிலான், 1875இல் நேப்பிள்ஸ். அக்காலத்திலேயே பெயரும் கப்பலேறத் தொடங்கியது. வறுமையால் கம்பானியா வட்டாரத்தை விட்டு அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்ற இலட்சக்கணக்கானோருள் எஸ்பொசித்தோக்கள் பலர். அர்ஜென்டினாவில் இத்தாலிய எஸ்பொசித்தோவும் ஸ்பானிய எக்ஸ்போசித்தோவும் ஒன்றையொன்று சந்தித்தன. ஒரே இலத்தீன் சொல்லின் இரு பிள்ளைகள் புது நிலத்தில் அண்டை வீட்டார் ஆயினர். கனடாவின் பனிக்கட்டி ஹாக்கி வீரர் ஃபில் எஸ்பொசித்தோ, வட அமெரிக்கப் பெருந்தொடரில் ஒரே பருவத்தில் நூறு புள்ளிகளைக் கடந்த முதல் ஆட்டக்காரர்; அது 1968–69ஆம் ஆண்டுப் பருவம். தாயகத்திலோ, 1889ஆம் ஆண்டில் அரசி மார்கெரீத்தாவுக்குப் படைத்ததாகச் சொல்லப்படும் பீட்ஸாவோடு ரஃபாயேலே எஸ்பொசித்தோ என்னும் சமையற்காரரின் பெயர் இணைந்து நிற்கிறது. அக்கதையின் உண்மையை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். ஆயினும் நேப்பிள்ஸின் புகழ்பெற்ற உணவுக்கு ஒரு கதைத்தலைவர் தேவைப்பட்டபோது அவர் பெயர் எஸ்பொசித்தோ என்றிருந்தது பொருத்தமே.

குடும்பப் பெயரில் இழுக்கு மங்கிய பின்னும் அரசு ஆவணங்களில் அது வேறு வடிவில் நீடித்தது. இத்தாலியில் ஒருவர் தம் அடையாளச் சான்றுகளில் தந்தை பெயரையும் தாய் பெயரையும் எழுதியாக வேண்டியிருந்தது. தந்தை அறியப்படாதவர்க்கு அவ்விடத்தில் 'என். என்.' என்னும் இரண்டெழுத்துகள் இடப்பட்டன. பள்ளியில் சேரும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், படையில் சேரும்போதும் அவ்விரண்டெழுத்துகளை அயலார் கண்முன் நீட்ட வேண்டிய நிலை. 1955ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம், அத்தகைய சான்றுகளில் பெற்றோர் பெயரைக் குறிக்கும் வழக்கத்தையே நீக்கியது. சிலருக்கு மட்டும் விலக்களிக்காமல் அனைவர்க்கும் அவ்விடத்தை எடுத்துவிட்டதே அச்சட்டத்தின் நுட்பம். படிவத்தில் தந்தை பெயருக்கான கட்டத்தை எண்ணிப் பாராமல் நிரப்பிப் பழகிய நாமும் நினைந்து பார்க்கத்தக்க செய்தி இது.

இன்றும் இத்தாலியில் ஒரு தாய் தன் பெயரைத் தெரிவிக்காமலே மருத்துவமனையில் குழந்தை பெற்றுவிட்டுச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அக்குழந்தைக்கு முற்பெயரும் குடும்பப் பெயரும் இடுபவர் பிறப்புப் பதிவு அலுவலர். அவருக்கு 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகள் இரண்டு தடைகளை விதிக்கின்றன: குழந்தையின் பிறப்பு நிலையை உணர்த்தும் பெயரை இடுதல் கூடாது, வரலாற்றுச் சிறப்புடைய அல்லது அவ்வூரில் பரவலாக அறியப்பட்ட குடும்பத்தின் பெயரையும் இடுதல் கூடாது. முதல் தடை எழுதப்பட்டபோது எழுதியவர் நினைவில் எஸ்பொசித்தோ இல்லாதிருந்திருக்க முடியாது. ஆயினும் இந்நாளில் நேப்பிள்ஸில் ஒரு குழந்தைக்கு அப்பெயரை இட்டால், தெருவில் அதைக் கேட்பவருக்கு அது யாதொரு பிறப்பு நிலையையும் உணர்த்தாது. ஊரில் மிகுதியாக வழங்கும் பெயர் என்பதற்கு மேல் அவர் எதுவும் எண்ணார். விதி அந்தப் பெயரை இன்னும் தடுக்கிறதா என்று கேட்டால், சட்டநூலின் எழுத்துக்கும் தெருவின் பேச்சுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கடமை அந்தப் பதிவு அலுவலருடையது.